செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தூண்டில் மீன்பிடிச் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமாக வரவு செலவில் தொடங்கும் அறிக்கை இம்முறை இரங்கலில் தொடங்குகிறது. நாம் எல்லோரும் ‘மாஸ்டர்’ என்று அழைத்த நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு காலமானார். அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துப் பக்கம் தூண்டில் முள் அறுந்து நின்ற எந்தப் புதியவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. காசு நீட்டினால், “அடுத்து வர்றவனுக்கு ரெண்டு முள்ளு குடு, போதும்” என்பார்.

முள்ளையும் ஈயத்தையும் விட அவர் கொடுத்ததில் பெரியது எஃப்.ஜி. முடிச்சு: பின்னல் நரம்பான பிரெய்டையும், முள் பக்கம் வரும் தடித்த நரம்பான லீடரையும் இணைப்பது. பிரெய்டை விறைப்பாக இழுத்துக் கட்டிக்கொண்டு, லீடரை அதன் மேலும் கீழும் மாற்றி மாற்றி 20 சுற்று. பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு சுருக்கு. எச்சில் தொட்டு நிதானமாக இழுத்தால் பிரெய்டு லீடரைக் கவ்வி, அதன் நிறம் சற்றுக் கருக்கும். அந்த நிறம் மாறும்வரை விரல்களுக்கிடையே வைத்துக் காட்டுவார். அதன்பின் சுருக்கு நான்கு, லீடர் நுனியை ஒட்ட நறுக்கல், பிரெய்டின் மேல் மட்டும் இன்னும் ஐந்தாறு சுருக்கு. முடிச்சு உருவிக்கொண்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சுற்றும்போது பிரெய்டு தொய்ந்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதை வெட்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்டச் சொல்வார். எத்தனை முறை ஆனாலும் முகம் சுளிக்க மாட்டார்.

ட்ராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, கையால் இழுத்துப் பார்த்து வைப்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. அது நரம்பின் பலத்தில் கால் பங்கு இருக்க வேண்டும் என்பார். 30 பவுண்டு நரம்புக்குச் சுமார் மூன்றரை கிலோ. கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி இழுத்து அளப்பார். ட்ராக்கை முழுக்க இறுக்கிவிட்டு, கொடுவா மீன் முதல் பாய்ச்சலிலேயே அறுத்துக்கொண்டு போனதும் நரம்பைத் திட்டுகிறவர்களுக்கு இதுவே அவர் பதில்.

கெளுத்தி மீன் குத்தினால் உதவ அவர் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என அதன் மூன்று முட்களிலும் விஷம் உண்டு. குத்துப்பட்ட கையைத் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். சூட்டை மற்றக் கையால்தான் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கைக்கு உணர்வு மரத்திருந்தால் வெந்துபோகும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால், வலி நின்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

கொடுவா விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர், அது சரியான பிடிவாதம். ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன் அது; பெரியவை பெரும்பாலும் சினைக்குரிய பெண்களே. அவர் நினைவாக, 80 செ.மீ.க்கு மேற்பட்ட கொடுவாவை விட்டுவிடுவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. கையை நனைத்து, வயிற்றுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கவும். செவுள் மூடியின் ஓரம் பிளேடு போன்றது; விரலை அங்கே நுழைக்க வேண்டாம். நுனி உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள் போட்டால் தூண்டிலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நரம்பு இறுகியதும் ரீலைச் சுற்றினாலே போதும், வாயோரத்தில் மாட்டும்.

அறுந்த நரம்பைக் கரையில் விடக்கூடாது என்பதும் அவர் வழக்கம். ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர் மணலில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். கால் துடுப்பில் நரம்பு சுற்றினால் அதனால் கழற்ற முடியாது.

மாஸ்டரின் ராடுகளையும் ரீல்களையும் குடும்பத்தார் சங்கத்துக்கே தந்துவிட்டார்கள். அவர்களுக்கு நம் நன்றி. வாங்க வசதியில்லாத உறுப்பினர்கள் இவற்றை இரவல் பெறலாம். திருப்பித் தருமுன் ட்ராக்கை இறுக்கி நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, பிறகு ட்ராக்கைத் தளர்த்தவும். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். முதலில் சிக்கிக்கொள்வது ரீலில் நரம்பு உருண்டு வரும் லைன் ரோலர். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய்.

தணிக்கை செய்த கணக்கு இணைப்பில் உள்ளது. சந்தாவில் மாற்றமில்லை.

முடிச்சு வகுப்பு வழக்கம்போல் மாதத்தின் முதல் ஞாயிறு காலை நடக்கும். 20 பவுண்டு பிரெய்டு இரண்டு மீட்டரும் 40 பவுண்டு லீடர் ஒரு மீட்டரும் கொண்டு வரவும். கத்தரிக்கோல் வேண்டாம், மாஸ்டருடையது இருக்கிறது.

செயலாளர்