ஞானதிருஷ்டிக்காரிக்கு ஒரு குமாஸ்தா வேண்டும்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும் நாவலின் முதல் நான்கு அத்தியாயங்களும் போன மாதமே வந்து சேர்ந்தன. கண்புரை அறுவை காரணமாகப் பதில் இவ்வளவு தாமதமாகிவிட்டது. மருத்துவர் படிக்கலாம் என்று சொன்ன அன்றே உன் கட்டைப் பிரித்து, ஒரே மூச்சில் முடித்தேன். பணி ஓய்வு உனக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது போலும். காலமெல்லாம் கணக்குத் தணிக்கை செய்தவளுக்குள் இத்தனை கொலைகள் ஒளிந்திருந்தன என்று உன்னோடு வேலை பார்த்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். என் பெண் வேலை மாற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். வீடு மறுபடியும் சத்தமாக இருக்கிறது. மற்றபடி என் பக்கத்தில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. ஆகவே நேராக உன் நாவலுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு அத்தியாயங்கள் அபாரம். உளவியல் ஆலோசகராகக் காவல்துறைக்கு உதவ வரும் உன் கதாநாயகி, கொலை நடந்த அறைக்குள் நுழைந்ததும் எல்லோரையும் போல ரத்தக் கறையைப் பார்க்காமல் நாற்காலி திரும்பியிருக்கும் திசையைப் பார்க்கிறாளே, அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில்தான் சறுக்கல். இறந்தவளின் துப்பட்டாவைத் தொட்ட மாத்திரத்தில் கொலைகாரனின் முகம், சட்டை, கார், குடியிருக்கும் தெரு என்று எல்லாம் வரிசையாக அவளுக்குத் தெரிந்துவிடுகின்றன. முகமே தெரிந்த பிறகு மிச்சமுள்ள அத்தியாயங்களில் அவள் என்னதான் செய்யப்போகிறாள்? விலாசம் தேடுவாள் என்றால், அதையும் நீ அவளிடம் கொடுத்தாகிவிட்டது!

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அமானுஷ்யத்துக்கு அங்கே இடமே கிடையாது என்பது இரண்டாவது கட்டளை. நான் அவ்வளவு கறாரானவள் அல்ல. உன் கதாநாயகிக்கு ஞானதிருஷ்டி இருந்துவிட்டுப் போகட்டும். அது எவ்வளவு தூரம் பாயும், அதற்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்ற இரண்டு கேள்விகள்தான் என்னுடையவை.

நிஜத்தில் இப்படி யாராவது இருந்ததுண்டா என்று கேட்டிருந்தாய். இதற்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்.

உன் கதாநாயகியின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லத்தக்க ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் பிரஸல் என்ற மனநல மருத்துவர். நியூயார்க்கில் 1940 முதல் 1956 வரை, போர்க்காலத்தில் தொடங்கிய ஒரு நீண்ட இடைவெளி தவிர, ஒருவன் திரையரங்குகளிலும் ரயில் நிலையங்களிலும் குண்டு வைத்துக்கொண்டிருந்தான். உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் பலர் காயமடைந்தார்கள். போலீசார் பிரஸலிடம் போனார்கள். அவன் எழுதிய மிரட்டல் கடிதங்களை வைத்துக்கொண்டு அவர் ஒரு மனிதனை வரைந்து காட்டினார்: மணமாகாதவன், ஸ்லாவிய வம்சாவளி, உறவுக்காரப் பெண்களோடு வசிப்பவன், பிடிபடும்போது இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டை ஒழுங்காகப் பூட்டி அணிந்திருப்பான். 1957 ஜனவரியில் வாட்டர்பரி என்ற ஊரில் ஜார்ஜ் மெட்டெஸ்கி பிடிபட்டான். லிதுவேனியக் குடும்பம், மணமாகாத இரண்டு சகோதரிகளோடு வாசம். போலீசார் வந்தபோது இரவு உடையில் இருந்தவன், உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தான். அதே கோட்டு, பொத்தான்களும் பூட்டியபடி.

மயிர்க்கூச்செறிகிறது, இல்லையா? ஆனால் இந்தக் கதை இவ்வளவு மெருகோடு நமக்கு வந்தது பிரஸலே 1968இல் எழுதிய நினைவு நூல் வழியாகத்தான். இதயநோய் இருக்கும் என்று அவர் கணித்தவனுக்கு உண்மையில் இருந்தது காசநோய். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மெட்டெஸ்கியைக் கண்டுபிடித்தது அந்த மனச்சித்திரம் அல்ல, ஆலிஸ் கெல்லி. கான் எடிசன் மின் நிறுவனத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்த பெண். பழைய நஷ்டஈட்டுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1931இல் பணியில் விபத்துக்குள்ளாகி, நஷ்டஈடு மறுக்கப்பட்ட ஒருவரின் கோபக் கடிதங்கள் அவர் கண்ணில் பட்டன. குண்டு வைத்தவன் பத்திரிகைக்கு எழுதியிருந்த அதே சொற்கள், அதே வெப்பம். கோட்டுப் பொத்தானைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர். ஆலிஸ் கெல்லியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நீ ஒரு தணிக்கைக்காரி, வசந்தா! ஒரு வவுச்சரின் மடிப்பைப் பார்த்தே ‘இது பின்னால் செருகியது’ என்று சொல்லக்கூடியவள். உன் நாவலில் கோப்பு என்ற ஒன்றே காணோமே, ஏன்?

பிரஸல் படித்த மருத்துவர், ஊகித்தார். ஞானதிருஷ்டி உண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களின் கதை வேறு. 1964இல் பாஸ்டன் நகரமே கழுத்து நெரிக்கும் கொலைகாரனுக்கு நடுங்கிக்கொண்டிருந்தபோது பீட்டர் ஹர்கோஸ் என்ற டச்சுக்காரரை வரவழைத்தார்கள். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டபின் இந்தச் சக்தி வந்தது என்பார். (உன் கதாநாயகிக்கு விபத்தில் சக்தி வருவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து மாற்று, இந்த வாசல் வழியாக எத்தனையோ பேர் நுழைந்து போய்விட்டார்கள்.) செருப்பு விற்கும் ஒருவரை அவர் கைகாட்டினார். அந்த மனிதருக்கும் கொலைகளுக்கும் தொடர்பு இருந்ததாக எதுவும் கிடைக்கவில்லை. பிறகு ஆல்பர்ட் டிசால்வோ என்பவன் தானே கொலைகளை ஒப்புக்கொண்டான். கடைசிக் கொலையோடு அவனை மரபணுச் சோதனை பிணைத்தது 2013இல், அவன் சிறையில் செத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

அதே 2013இல் கிளீவ்லாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. பத்து ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன ஓர் இளம்பெண் அடைத்து வைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து உயிரோடு தப்பி வந்தாள். அவளுடைய தாய் 2004இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சில்வியா பிரவுன் என்ற பிரபல ஞானதிருஷ்டிக்காரியிடம் மகளைப் பற்றிக் கேட்டாள். ‘உயிரோடு இல்லை’ என்று பதில் வந்தது. தாய் 2006இல் இறந்துபோனாள். மகள் வாசலைத் தாண்டி வந்தபோது தாய் இல்லை. இதைப் படித்த பிறகு, உன் நாலாம் அத்தியாயத்தில் கதாநாயகி ஒரு தாயிடம் போய் ‘உங்கள் மகள் இப்போது இல்லை’ என்று மென்மையாகச் சொல்கிற காட்சி எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் சொல்லும் உரிமையை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று அந்தத் தாய் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற நிச்சயம் எவ்வளவு பேரைக் கொல்லும் என்பதற்கு இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பெண்களை வரிசையாகக் கொன்றவனைத் தேடிய வழக்கு இருக்கிறது. அங்கே ஞானதிருஷ்டி எதுவும் இல்லை; ஓர் ஒலிநாடா இருந்தது. 1979இல் ‘நான்தான் கொலைகாரன்’ என்று வடகிழக்கு வட்டார உச்சரிப்பில் ஒரு குரல் போலீசுக்கு வந்தது. விசாரணைக்குத் தலைமை வகித்த ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்ட் அதை முழுசாக நம்பினார். அந்த உச்சரிப்பு இல்லாதவர்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து கழன்றார்கள். உண்மையான கொலைகாரனான பீட்டர் சட்கிளிஃப் என்ற லாரி ஓட்டுநரை அந்த ஆண்டுகளில் ஒன்பது முறை விசாரித்துவிட்டு விட்டிருந்தார்கள். ஒலிநாடா வந்தபின் இன்னும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1981 ஜனவரியில், காரில் போலி எண்பலகை மாட்டியிருந்ததற்காக, ரோந்து போன சாதாரணக் காவலர்கள் அவனைப் பிடித்தார்கள். ஒலிநாடா அனுப்பிய புரட்டன் உறையில் ஒட்டியிருந்த எச்சில் மூலம் 2006இல் தண்டனை பெற்றான்.

உன் கதைக்கு நான் கேட்பது இதுதான். உன் கதாநாயகி காண்பது உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் துண்டாக இருக்கட்டும்: ஒரு மஞ்சள் சுவர், இரும்பு வாசனை, யாரோ எண்ணுகிற சத்தம். அந்தத் துண்டுகளுக்கு அவள் கொடுக்கும் அர்த்தம் தவறாகிப்போகட்டும். அவள் கைகாட்டிய ஒருவன் பத்து நாள் லாக்-அப்பில் கிடக்கட்டும், வேலையை இழக்கட்டும், அவன் பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்யட்டும். அந்தப் பத்து நாளில் உண்மையான கொலைகாரன் அடுத்தவளைத் தேர்ந்தெடுக்கட்டும். இப்போது அவளுடைய சக்தியே அவளுக்குப் பகை. அடுத்த முறை அவள் ஒன்றைக் காணும்போது, வாயைத் திறப்பதா வேண்டாமா என்ற தவிப்பிலேயே நூறு பக்கம் ஓடும்.

இன்னொரு சிக்கல். கனவில் கண்டேன் என்று சொன்னால் எந்த நீதிபதியும் ஒரு வீட்டைச் சோதனையிட ஆணை தரமாட்டார். உன் இன்ஸ்பெக்டரோ அவள் சொன்னதுமே கதவை உடைத்துக்கொண்டு போகிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூண்டில் ஏற்றிக் கேட்டால் என்ன சொல்வார்? அவள் சொன்னதை எங்கிருந்தோ ‘ரகசியத் தகவல்’ வந்ததாக எழுதிவைக்க வேண்டிவரும். முதல் பொய் அங்கே பிறக்கிறது. நல்ல இன்ஸ்பெக்டர் ஒருவர் நல்ல காரணத்துக்காகக் கோப்பைத் திருத்துகிறார் என்றால், உன்னைப்போல அதை எழுத யாரால் முடியும்?

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. எஃப்.பி.ஐ.யின் நடத்தை அறிவியல் பிரிவு 1972இல் தொடங்கியது. அங்கே ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் சிறைகளுக்குப் போய்க் கொலைகாரர்களின் எதிரே உட்கார்ந்து பேசினார்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் 36 பேர். 1983இல் சியாட்டிலில் கிரீன் ரிவர் கொலைகளை விசாரிக்கப் போன இடத்தில் டக்ளஸ் ஹோட்டல் அறையில் மூளைக்காய்ச்சலால் விழுந்து, நினைவிழந்து, சாவின் விளிம்புவரை போய் வந்தார். உன் கதாநாயகியோ காட்சி வந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு லிப்டில் இறங்கிப் போகிறாள். அவ்வளவு ஆரோக்கியம் ஆகாது.

அதே கிரீன் ரிவர் வழக்கில் எனக்குப் பிடித்த ‘சாட்சி’ ஒரு துண்டுப் பஞ்சுத்துணி. கேரி ரிட்ஜ்வே என்ற சந்தேக நபரிடம் 1987இல் அதை வாயில் போட்டு மெல்லச் சொல்லி எச்சில் மாதிரி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அதைப் படிக்கும் வித்தை அப்போது கைவசம் இல்லை. மரபணுத் தொழில்நுட்பம் வளர்ந்ததும் 2001இல் அதே எச்சில் அவனைக் காட்டிக்கொடுத்தது. அதற்கெல்லாம் முன்பே, 1984இல், உண்மைகண்டறியும் கருவியை வேறு அவன் ஏமாற்றியிருந்தான். பதினான்கு வருடம் அலமாரியில் அந்தத் துணியைப் பத்திரமாக வைத்திருந்தவர் யாரோ, அவருக்கு உன் நாவலில் ஒரு நாற்காலி போடு. சாட்சிப்பொருள் அறைப் பொறுப்பாளர், கொஞ்சம் சிடுசிடுப்பானவர், கையெழுத்து இல்லாமல் ஊசிகூடக் கொடுக்காதவர். கதாநாயகிக்கும் அவருக்கும் முதலில் ஒத்துப்போகவே கூடாது.

கொலைகாரனின் மனவோட்டமாக நீ எழுதிய சாய்வெழுத்துப் பக்கங்களை வெட்டிவிடு. அவன் மகா புத்திசாலி, தத்துவம் பேசுகிறான், சங்கீதம் கேட்கிறான். நிஜத்தில் இவர்கள் அப்படி ஒன்றும் மேதைகள் அல்ல. பத்துப் பேரைக் கொன்ற விசிட்டா நகரத்து டென்னிஸ் ரேடர், ஃபிளாப்பி வட்டில் எழுதி அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீசையே கேட்டான். முடியாது என்று சொல்லும் விதமாக அவர்கள் பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தார்கள். நம்பி அனுப்பினான். அழித்த கோப்பு ஒன்றின் தடத்தில் அவன் பெயரின் முதல் பாதியும், அவன் நிர்வாகத்தில் இருந்த தேவாலயத்தின் பெயரும் இருந்தன. 2005 பிப்ரவரியில் பிடிபட்டான். தன்னைப் பிடிக்க வருபவர்கள் தன்னிடம் பொய் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அசட்டுத்தனமும் அகம்பாவமும் கலந்த இந்த மனிதன் உன் தத்துவக்காரனைவிட எனக்கு அதிகப் பயம் தருகிறான். வெட்டிய பக்கங்களில் இறந்தவர்களைப் பற்றி எழுது. மூன்றாவதாகக் கொல்லப்படுகிறவளுக்கு நீ இன்னும் பெயரே வைக்கவில்லை, கவனித்தாயா?

இவ்வளவு குறை சொன்னதால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. பிடிக்காத புத்தகத்துக்கு நான் இத்தனை மை செலவழிப்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அடுத்த அத்தியாயங்கள் தயாரானதும் அனுப்பு. கொலைகாரன் யார் என்று மட்டும் கடிதத்தில் உளறிவிடாதே. எனக்கு அந்தப் பல் மருத்துவர்மேல் சந்தேகம். இரண்டாம் அத்தியாயத்தில், யாரும் கேட்காமலே, அன்று தான் ஊரில் இல்லை என்கிறார்.

அன்புடன்,
லலிதா