வாடைக்காற்று அங்கேயும் வீசுகிறது

ஸ்காபரோ,
மே 18

அன்பின் மச்சான்,

நாலு மாதமாகிவிட்டது. தைப்பொங்கலன்று போனில், "கடலைப் பார்க்கிறதுக்கும் காசு கட்டுறதோ?" என்று கேட்டுவிட்டு வைத்தாய். எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதற்குப் பிறகு கோபம் போய்விட்டது, ஆனால் எடுக்கவில்லை. பிழை என்னுடையதுதான். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தங்கச்சி அனுப்பிய பருத்தித்துறை வடை வந்த அன்றைக்கே முடிந்தது, அவளிடம் சொல்லு. உன் தோள் நோவு எப்படி?

சரி, விசயத்துக்கு வருகிறேன். மார்ச் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளையும் மனுசியையும் கூட்டிக்கொண்டு டொமினிக்கன் குடியரசுக்குப் போய் வந்தேன். நீ திட்டிய அதே பயணம்தான். புவேர்த்தோ பிளாத்தாவில் எல்லாம் அடங்கிய ஹோட்டல் ஒன்று. கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள், பிறகு சாப்பாடு, படுக்கை, சாப்பாடு. முதல் மூன்று நாளும் நீ சொன்னது சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு முதுகைக் காட்டியபடி நீச்சல் குளத்தைச் சுற்றி ஐந்நூறு கதிரை. எங்கள் ஊரில் பிறந்தவனால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

நாலாம் நாள் காலை மூத்தவனை எழுப்பிக்கொண்டு வீதிக்கு வந்து ஒரு குவாகுவாவை மறித்து ஏறினேன். அங்கத்தைய மினிபஸ்ஸுக்கு அதுதான் பெயர். நெல்லியடிச் சந்தியில் எங்களை அடைந்த மாதிரியே அடைகிறார்கள், கண்டக்டர் பொடியன் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கத்துகிறான். விமான நிலையத்தைத் தாண்டி, சொசூவாவைத் தாண்டி, கிழக்கே போனால் கபரேத்தே. ஒரே ஒரு பெருவீதி, அதன் ஒரு பக்கம் கடைகள், கடைகளுக்குப் பின்னால் நேரே மணல். ஊர் அவ்வளவுதான்.

நாங்கள் இறங்கியபோது பத்து மணி இருக்கும். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. தூரத்தில் பவளப்பாறையில் அலை உடைந்து வெள்ளைக் கோடு தெரிந்தது, உள்ளே சலனமில்லை. மகன், "இதுக்கா வந்தனாங்கள்?" என்றான். ஒரு கடையில் உட்கார்ந்து பச்சை வாழைக்காயை அவித்து மசித்து மேலே வெங்காயம் போட்டுத் தந்ததைச் சாப்பிட்டோம். மங்கூ என்கிறார்கள், உனக்கு நிச்சயம் பிடிக்கும். மதியம் நெருங்கத் தென்னை ஓலை அசையத் தொடங்கியது. அரை மணித்தியாலத்தில் மேசையில் இருந்த கடதாசிகள் பறந்தன. எழும்பி மேற்குப் பக்கமாகக் கரையோரம் நடந்தோம், பட்டக் கடற்கரை என்றே ஒரு இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மச்சான், வானம் முழுக்கப் பட்டம்.

நூறுக்கு மேல் இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, பிறை வடிவத்தில் பெரிது பெரிதாக. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மனிதன் பலகையில் நின்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறான். எனக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று பட்டங்களுக்குக் கீழே நிற்கிற மாதிரியே இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. மகன் என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது தெரியுமா? வடகிழக்கு வியாபாரக் காற்று. புவியியல் வாத்தியார் பிரம்போடு நின்று படிப்பித்தாரே, அதே காற்று. அத்திலாந்திக்கைத் தாண்டி வருகிறது. கரை வடக்கைப் பார்த்திருக்கிறது, அதனால் கடலைப் பார்த்து நின்றால் காற்று வலக்கைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கரையை நோக்கி அடிக்கும். காலையில் தரை குளிர்ந்திருக்கும்வரை அது தூங்குகிறது. வெயில் ஏறித் தரை சூடாகி, தரைமேல் உள்ள காற்று எழும்ப, கடற்காற்று உள்ளே இழுபடுகிறது, இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் மத்தியானம் கடிகாரம் வைத்த மாதிரி வருகிறது. திசையில் எங்கள் வாடையேதான். எண்பதுகளில் பலகையில் பாய்மரம் கட்டி ஓடுகிற பாய்ப்பலகைக்காரர்கள் வரத் தொடங்கும்வரை இது ஒரு சின்ன மீன்பிடி ஊர். பட்டங்கள் அவர்களுக்குப் பிறகுதான் வந்தன.

அடுத்த நாள் தனியாகப் போய் ஒரு பள்ளியில் பாடத்துக்குப் பணம் கட்டினேன். மனுசி திட்டினாள், திட்டட்டும்.

முதலில் மணலில் நிற்க வைத்துச் சின்னப் பட்டமொன்றைக் கையில் தந்தார்கள். படிப்பித்தவன் அந்த ஊர்ப் பொடியன், இருபத்திரண்டு வயது இருக்கும். பட்டத்தை உச்சியில் நிறுத்து, இடப்பக்கம் இறக்கு, வலப்பக்கம் இறக்கு என்றான். செய்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முன்னம் எங்கே பழகினாய்?" என்று கேட்டான். கையைக் காட்டி, சின்ன வயதில், என் ஊரில் என்றேன். பெரிய பட்டத்துக்கு நாலு நூல், ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்கு மேல். முன்நூல் இரண்டும் இடுப்பில் கட்டிய பட்டியில் பாரத்தைத் தாங்கும், பின்நூல் இரண்டும் கையிலுள்ள தடியின் இரு நுனியில் இருக்கும். தடியை உன் பக்கம் இழுத்தால் பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் காட்டும், இழுவை கூடும். தள்ளிவிட்டால் பட்டம் தட்டையாகிக் காற்று வழுக்கிக்கொண்டு போகும், இழுவை குறையும். யோசித்துப் பார். காற்றுப் பலத்தால் பட்டத்தை இறக்கி, நூல் பூட்டுகிற முச்சையில் மேல் நூலைக் கட்டையாக்கிவிட்டு மறுபடி ஏற்றுவோமே, அதுதான் இது. நாங்கள் இறக்கி ஏற்றிச் செய்ததை அவர்கள் பறக்கும்போதே கையால் செய்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவன் நீயாக இருந்திருக்க வேண்டும். உன் எட்டுமூலைப் பட்டத்துக்கு முன்னால் நிற்கக்கூடிய பட்டம் அந்த வருடம் யாரிடம் இருந்தது?

தண்ணீரிலிருந்து மறுபடி எழும்பக்கூடிய காற்றடைத்த பட்டத்துக்கு 1984 இல் பிரான்ஸில் இரண்டு சகோதரர்கள் காப்புரிமை எடுத்தார்களாம், பிரித்தானி கரைக்காரர்கள். அதே காலத்தில்தான் நீயும் நானும் சீமெந்துப் பை பிரித்து நூலெடுத்துக்கொண்டிருந்தோம்.

பலகையில் நிற்கும் நிலைக்கு நான் வரவில்லை. மூன்று பாடம்தான் எடுத்தேன். பலகையில்லாமல் பட்டம் இழுக்க நெஞ்சால் தண்ணீரில் போவதுவரை வந்தேன். எட்டுப் பத்து மணி நேரம் படித்தால் நிற்கலாம் என்கிறார்கள். மீதியை உன்னோடு செய்ய வேண்டும்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். ஜூலை முதல் வாரம் பத்து நாள், நம் இரண்டு வீடும். ஹோட்டல் இல்லை, கபரேத்தேயிலேயே சமையலறையோடு ஒரு வீடு எடுப்போம். மாரியில் அங்கே வட அத்திலாந்திக் அலை பெரிதாக வரும், பழகுகிறவர்களுக்குக் கஷ்டம். கோடையில் அலை சின்னது, மத்தியானக் கடற்காற்றும் சேர்வதால் காற்று ஒழுங்காக இருக்கும். புயல் பருவம் ஜூனிலிருந்து நவம்பர்வரை என்று நீ உடனே சொல்லுவாய், தெரியும். அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஒக்டோபர்வரை. ஜூலைத் தொடக்கத்தில் போய் வந்துவிடலாம், உங்கள் கோயில் தேருக்கும் நீ நிற்கலாம். மொன்றியலிலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் வந்து இறங்குவாய், எங்களுக்கும் அவ்வளவுதான். அந்த நாட்டுக்குள் நுழையவும் திரும்பவும் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதை நான் எல்லாருக்கும் சேர்த்து நிரப்புகிறேன்.

காலையில் காற்றில்லாத நேரம் சும்மா இருக்கத் தேவையில்லை. மேற்கே என்குவெந்த்ரோ என்ற கரையில் விடிய எழும்பி அலைச்சறுக்குப் பழகலாம். அடியில் பாறை, கடல் முள்ளெலி இருக்கும், கால்செருப்புக் கட்டாயம். ஊருக்குப் பின்னாலேயே எல் சோக்கோ என்ற வனத்தில் குகைகள், உள்ளே குளிக்கக்கூடிய தண்ணீர். ஒரு நாள் எடுத்து தமகாகுவா போக வேண்டும். ஆற்றில் இருபத்தேழு அருவி, தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் போட்டு மேலே ஏறி, பாறையில் சறுக்கிச் சறுக்கி இறங்குவது. என் சின்னவன் இன்னும் அதையே கதைக்கிறான். உன் தோளுக்கு அருவி வேண்டாம் என்றால் கீழே உட்கார்ந்து தங்கச்சியோடு கதைத்துக்கொண்டிரு.

சொசூவாவையும் பார்க்க வேண்டும். அது எனக்கு முக்கியம். 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியானில் முப்பத்திரண்டு நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. வரட்டும், ஒரு லட்சம் பேர்வரை எடுக்கிறேன் என்று சொன்ன நாடு இதுதான். சொன்ன சர்வாதிகாரி த்ருஹீயோ நல்லவன் இல்லை. அதற்கு முந்திய வருடம்தான் எல்லையில் ஆயிரக்கணக்கான ஹெயிட்டிக்காரரைக் கொல்லுவித்திருந்தான், உலகத்துக்கு முகம் காட்ட வேண்டியிருந்தது, வெள்ளைத்தோலும் வேண்டியிருந்தது. சொசூவாவுக்கு வந்து சேர்ந்தது சில நூறு பேர்தான். ஆளுக்குக் காணியும் மாடுகளும் கொடுத்தார்கள். வியன்னாவில் கடை வைத்திருந்தவன் பால் கறந்து பழகினான், அவர்கள் தொடங்கிய பாற்பண்ணையின் பெயர் அந்த நாட்டில் இன்றும் வெண்ணெயிலும் பாற்கட்டியிலும் இருக்கிறது. மரத்தால் கட்டிய சின்னத் தொழுகைக்கூடமும் இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும்போது நீயும் நானும் மொன்றியல் டோர்வாலில் ஒரு அறையில் ஏழு பேர் படுத்தது நினைவுக்கு வந்தது. நமக்குக் கதவு திறந்தவர்கள் யார், என்ன காரணத்துக்குத் திறந்தார்கள் என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை.

மச்சான், இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம்.

அண்ணை போன பிறகு நீ கடலில் காலை நனைத்ததை நான் காணவில்லை. முப்பத்தைந்து வருடம். ஒன்ராறியோ ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் நீ காருக்குப் பக்கத்தில் நிற்பாய். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதும் உன்னை இறங்கு என்று கேட்கவில்லை. ஆனால் உன் சின்னவள் என் மகனின் வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறாள். "மாமா, அப்பா விடமாட்டார், நீங்கள் கேளுங்கோ" என்று. அவளுக்குப் பதினாறு வயது. நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்குகிற பிள்ளை கடலுக்குள் இறங்கினதில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயப்படுகிறதில் நியாயம் இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். பட்டம் இழுத்துக் கொண்டுபோய் எதிலாவது அடிக்கலாம், நூல் சுற்றலாம். அதனால்தான் முதல் பாடமே விடுவிப்பது. நெஞ்சுக்கு முன்னால் ஒரு பிடி, தள்ளினால் பட்டத்தின் பலம் உடனே செத்துவிடும். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது தரம் தள்ளவைத்தான். காற்றுக் கரைப்பக்கம் சாய்ந்து அடிப்பதால் விழுந்தாலும் அது உன்னைக் கரைக்குத்தான் கொண்டுவரும், வெளியே கொண்டுபோகாது. தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்றில் யாரும் இறக்கமாட்டார்கள். அவளுக்குத் தனியாக ஒரு பயிற்சியாளர், காதில் பேசும் கருவியோடு. நான் பக்கத்தில் நிற்பேன். நீ மணலில் நின்று பார்.

அந்த நாட்டுப் பொடியன் ஒருவன், டெவுரி கோர்னியேல், 2018 இல் புவனஸ் ஐரஸ் இளையோர் ஒலிம்பிக்கில் பட்டச்சறுக்கில் தங்கம் வாங்கினான், ஸ்லோவேனியாக்காரன் ஒருவனோடு பகிர்ந்து. 2024 இல் பெரிய ஒலிம்பிக்கிலும் மார்செய் கடலில் பட்டம் ஓடியது. சின்னவளுக்கு இதெல்லாம் உன்னைவிட நன்றாகத் தெரியும். உன் அப்பு அன்னபூரணிக் கப்பலைப் பற்றிச் சொல்லாத நாள் உண்டா? வல்வெட்டித்துறையில் கட்டின பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டருக்குப் போனதை எங்களை வரிசையில் இருத்தி வைத்துச் சொன்னவரின் பூட்டப்பிள்ளை அவள்.

இந்த மாதம் முப்பதுக்குள் பதில் போடு, வீட்டுக்கு முற்பணம் கட்ட வேண்டும். நாலு பேரின் கடவுச்சீட்டு முடிவுத் திகதியும், சின்னவளின் நிறையும் வேண்டும். நிறையைப் பார்த்துத்தான் பட்டத்தின் அளவு முடிவு செய்வார்கள். தங்கச்சிக்கு இன்னொன்று சொல்லு: அங்கே தவக்காலத்தில் சிவப்பு அவரையையும் தேங்காய்ப்பாலையும் வத்தாளங்கிழங்கையும் போட்டு ஒரு இனிப்பு காய்ச்சுகிறார்கள், பாயாசம்தான். ஜூலையில் கிடைக்காது, நாங்களே காய்ச்சலாம்.

அப்புறம், நான் மூங்கிலும் தாளும் கொண்டுவருகிறேன். பின்னேரம் ஆட்கள் கரையேறின பிறகும் கொஞ்ச நேரம் காற்று நிற்கும். பார்சல் நாடா இங்கே கிடைக்கிறது, பட்டத்தில் கட்டி ஒலியெழுப்புகிற விண்ணுக்கு அது போதும். ஆனால் எட்டுமூலைக்கு முச்சை போடுகிற கணக்கு எனக்கு மறந்துபோயிற்று. அதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
குட்டியன்