காலாண்டு விடுமுறையை ஒட்டிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்களைப் பள்ளி திறந்த பிறகு தருவோம்.

அப்புறம், பள்ளியின் பின்சுவர் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆவணி பிறந்ததிலிருந்து ஊரில் வீட்டு வேலைகள் நிறைய நடக்கின்றன. பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளைக்கூட வெளியூரிலிருந்து வந்து பழுது பார்க்கிறார்கள். உங்களில் பலர் கொத்தனார்கள், சித்தாள்கள், டிராக்டர் ஓட்டுபவர்கள். உங்களுக்குக் கைநிறைய வேலை இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேலைகளில் மிஞ்சும் ரப்பிஸ் (இடிபாட்டுக் கழிவு), ஊருணிக்குத் தண்ணீர் போகும் வரத்துக்காலில், நம் பின்சுவரை ஒட்டி வந்து விழுகிறது. முதலில் ஒரு லோடு கிடந்தது. அதைப் பார்த்து அடுத்தவரும் கொட்டினார். இப்போது குவியல் பாதிச் சுவர் உயரத்துக்கு நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் அதில் ஏறிச் சுவர் தாண்டுகிறார்கள்.

போன வாரம் பந்து எடுக்கப் போன ஆறாம் வகுப்பு மாணவனின் காலில் பழைய ஜன்னல் சட்டத்து ஆணி ஏறிவிட்டது. உடனே டி.டி. ஊசி போட்டோம், இப்போது நலமாக இருக்கிறான். ஆணியாவது கண்ணுக்குத் தெரியும். அதே குவியலில் கிடக்கும் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டின் நார்த்தூசி தெரியாது. அது நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துக்கூட நோயாக வெளிப்படும். பிள்ளைகள் அந்தத் துண்டுகளை வைத்துச் சில்லு விளையாடுவதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐப்பசி மழையும் நெருங்கிவிட்டது. நம்முடையது வறண்ட பூமி. அதனால்தான் முன்னோர்கள் மழைநீர் தெருவோரமாக ஓடி ஊருணியில் சேரும்படி ஊரையே அமைத்தார்கள். அந்த வரத்துக்கால் அடைபட்டால் ஊருணி வறண்டுபோகும், தண்ணீர் நம் வகுப்பறைக்குள் வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டை இடிப்பவர்தான் அந்தக் கழிவுக்குப் பொறுப்பு, வடிகாலை அடைக்கும்படி கொட்டக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி வகுத்துவிட்டது. இனி இங்கே கொட்டும் வண்டி யாருடையதானாலும், அது நம் மாணவரின் வீட்டு வண்டியாகவே இருந்தாலும், எண்ணைக் குறித்து ஊராட்சியில் எழுத்துமூலம் புகார் கொடுப்பேன்.

இதில் பெரிய செலவு இல்லை, முன்யோசனை இருந்தால் போதும். இடிக்கும் முன்பே கதவு, நிலை, இரும்பு ஆகியவற்றைக் கழற்றுங்கள். நம் பகுதி வீடுகளின் பழைய தேக்குக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கும் காரைக்குடியிலேயே வாங்குவோர் உண்டு. முழுச் செங்கலைச் சுத்தம் செய்து அடுக்கினால் திண்ணைக்கோ சுற்றுச்சுவருக்கோ ஆகும். உடைந்த செங்கலும் காரையும் பேஸ்மட்டம் நிரப்ப உதவும். அதில் பெயின்ட் டப்பா, ஒயர், கண்ணாடி கலந்துவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் உடைக்காமல் தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்கித் தனியாகக் கட்டி வையுங்கள். மிஞ்சுவதை எங்கே கொட்டலாம் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வண்டி ஏற்றுங்கள். மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே அள்ளிப்போகும் வாடகையையும் சேர்த்துப் பேசிவிட்டால் கடைசி நாளில் தகராறு வராது.

பெரும்பாலானோர் இப்படித்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே மண்வெட்டியோடு வந்து வரத்துக்காலில் ஒரு பகுதியைத் திறந்துவிட்ட பெற்றோர்களுக்கும், வாடகை வாங்காமல் டிராக்டர் அனுப்பியவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. மீதியை விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்கு அள்ளுகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள். ஆணியும் கண்ணாடியும் கிடப்பதால் செருப்பில்லாமல் வரவேண்டாம், பிள்ளைகளையும் அழைத்துவர வேண்டாம். காலைச் சாப்பாடு பள்ளியில்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்