ஆண் இல்லாத கூட்டம்

அன்புள்ள குமார்,

வடுவூர் ஏரியில் நீ எடுத்த படங்கள் வந்தன. பதில் போடப் பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை. மணி பார்த்து சொட்டு மருந்து விடும் வேலை எனக்கு. இப்போது நன்றாகப் பார்க்கிறார். நான் சவரம் செய்யாததைத்தான் முதலில் கண்டுபிடித்தார்.

சரி, வாத்துக்கு வருகிறேன். "எல்லாம் கிளுவைப் பெட்டைகள்தானே, ஆண் ஒன்றுகூட இல்லையே" என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே தப்பு. நானும் பல வருஷம் செய்த தப்புதான்.

படத்தில் முகத்தைப் பெரிதாக்கிப் பார். கண்ணுக்கு மேலே வெளிர்கோடு, கண் வழியே கருங்கோடு, கன்னத்தில் இன்னொரு மங்கிய கருங்கோடு, அலகு தொடங்கும் இடத்தில் வெளிர் பொட்டு. இப்படி வரிவரியாக இருந்தால் அது கிளுவை இல்லை, நீலச்சிறகி என்ற இன்னொரு வாத்து. கிளுவைப் பெட்டையின் முகம் வெறிச்சென்று இருக்கும். அலகும் சிறிது, அடியில் லேசாக மஞ்சள் தெரியும். வாலோரம் ஒரு வெளிர்க் கீற்று. உருவத்தை மட்டும் நம்பாதே. நீலச்சிறகி இரண்டு மூன்று சென்டிமீட்டர் பெரிது, அவ்வளவுதான். நடு ஏரியில் மிதப்பதை யார் அளந்து பார்ப்பது?

ஆண்கள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. இனப்பெருக்கம் முடிந்ததும் பகட்டு இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டை வேஷம் கட்டிக்கொள்ளும். பறக்கும் இறகுகளும் மொத்தமாக உதிர்வதால் சில வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தால் நரி விடுமா? மற்ற வாத்துகள் பெரும்பாலும் குளிர்காலம் தொடங்கும்போதே நிறம் மாறிவிடும். நீலச்சிறகிக்கு அவசரமே இல்லை. நம் ஏரிகளுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வந்து இறங்கும், ஆனால் டிசம்பரிலும் பல ஆண்கள் பழுப்புதான். சாக்லேட் முகமும் அந்த அகலமான வெள்ளைப் புருவமும் வேண்டுமென்றால் பிப்ரவரி வாக்கில் போய்ப் பார்.

ஆனால் இறக்கையின் முன்பகுதி மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். பறக்கும்போது அது சாம்பல் கலந்த நீலமாகத் தெரிந்தால் ஆண். பேரிலேயே இருக்கிறது பார்! (தட்டைவாயன் என்ற வாத்துக்கும் அங்கே நீலம் உண்டு, அந்த அகப்பை அலகை வைத்துக் குழப்பமில்லை.) போன வாரம் கரிக்கிலி பறவைகள் சரணாலயத்தில் ஒரு பருந்து தாழப் பறந்ததில் மொத்தக் கூட்டமும் எழும்பியது. நோட்டில் "பெட்டைகள்" என்று எழுதி முடித்திருந்தேன். தலைக்கு மேல் போனதில் பாதிக்கு மேல் நீலம்.

ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வந்துவிடு. உன் பைனாகுலரையும் கொண்டு வா. என்னுடையதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது.

அன்புடன்,
ரவி