அளந்துவிடும் குள்ளன்

26 பிப்ரவரி 2011

டேய் நண்பா,

கையில் போட்டிருந்த கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நிம்மதி. ஆனால் மவுஸைப் பிடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றால், நீ டிராகன் ஏஜ் 2 கணினி ஆட்டத்தின் டெமோவை, அதாவது இலவச முன்னோட்டத்தைத் தொடுவதற்குள் முழு ஆட்டமே வந்துவிடும். வட அமெரிக்காவில் மார்ச் 8 என்று தேதி குறித்துவிட்டார்கள். அதனால் 22ஆம் தேதி டெமோ வந்ததுமே உனக்கும் சேர்த்து நானே ஆடிவிட்டேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஏன் மூன்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். கதை தெரிந்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் எழுது என்று நீதான் கேட்டாய். அப்புறம் என்மேல் கோபப்படக் கூடாது.

தொடக்கமே குறும்புதான். வேரிக் என்ற குள்ளனை உட்காரவைத்து கசாண்ட்ரா என்பவள் விசாரிக்கிறாள். நாம் ஆடப்போகிற நாயகன் ஹாக்கின் கதையை அவன் எடுத்துவிட, நாம் அதற்குள் இறங்குகிறோம். டார்க்ஸ்பான் என்ற அரக்கப் படை கூட்டம் கூட்டமாக வருகிறது. ஒரு வீச்சுக்கு நாலு உடல் சிதறுகிறது. முதல் நிமிடத்திலேயே இவ்வளவு பலமா என்று நான் முகம் சுளித்துக்கொண்டிருக்கும்போதே, இதெல்லாம் பொய் என்று கசாண்ட்ரா சீறுகிறாள். அதாவது, அதுவரை அவன் அளந்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்! ஹாக்கின் தங்கை பெத்தனியின் உடல்வாகைக்கூட ஊதிப் பெருக்கித்தான் சொல்லியிருக்கிறான் என்பது, உண்மைக் கதையில் அவளை மறுபடி பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சிக்கல் எங்கே என்றால், உண்மைக் கதையிலும் சண்டை ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடுகிறது. முதல் ஆட்டமான ஆரிஜின்ஸில் ஒரு ஆள் வாளை ஓங்குவதற்கு முன் இடம் வலம் நகர்ந்து, நின்று, நிதானித்து, அப்புறம்தான் அடிப்பான். நாம் அதைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. இப்போது பொத்தானைத் தொட்டால் போதும், அடி விழுந்துவிடுகிறது. மந்திரவாதி தன் தடியைச் சுழற்றுகிற அழகைப் பார்த்தால் சிலம்பம் தெரிந்தவன் மாதிரி இருக்கிறது. இரண்டு கைகளாலும் பிடிக்கிற பெரிய வாள் ஒரே வீச்சில் சுற்றி நிற்கிற எல்லோரையும் வெட்டுகிறது. பிடித்திருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஞாபகம் இருக்கிறதா, ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கேமராவை உச்சிக்கு ஏற்றி, தரையில் கிரீஸைக் கொட்டி, எதிரிகள் வழுக்கி விழுந்த பிறகு தீ வைப்போமே? கால் மணி நேரம் யோசித்து அரை நிமிடத்தில் முடிகிற சண்டைகள் அவை. நிறுத்துவது இதிலும் உண்டு. ஆனால் கேமரா அந்த உயரத்துக்கு ஏறவில்லை. களம் முழுவதையும் பார்க்க முடியாதபோது நிறுத்தி வைத்து என்ன திட்டம் போடுவது? எனக்கு இதுதான் பெரிய குறை. திறமைகளை நாலு நாலாக வரிசையில் அடுக்காமல் கிளை கிளையாகப் பிரித்திருப்பது மட்டும் நல்ல மாற்றம்.

ஹாக் இப்போது வாய் திறந்து பேசுகிறான். மாஸ் எஃபெக்ட் ஆட்டத்தில் பார்த்த, பதிலைத் தேர்ந்தெடுக்கிற அதே சக்கரம்தான், ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் சின்னப் படம் ஒன்று வருகிறது. முகமூடி என்றால் நக்கல், முஷ்டி என்றால் முறைப்பு. நான் முகமூடியாகவே அழுத்திக்கொண்டிருந்தேன். போன ஆட்டத்தில் நாயகனுக்கு ஆறு விதமான பிறப்புக் கதை இருந்தது. எல்ஃபாகவும் குள்ளனாகவும் தொடங்க முடிந்தது. இதில் மனிதன் மட்டும்தான். நீ குள்ளனாகவே ஆடித் தீர்த்தவன், உனக்கு வலிக்கும்.

சரி, மூன்று தடவை சங்கதிக்கு வருகிறேன். ஹாக்கின் குடும்பம் லோதரிங்கிலிருந்து ஓடிவருகிறது. நாம் போன ஆட்டத்தில் ஊர்க்காரர்களுக்கு நாலு வேலை செய்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினோமே, அதே லோதரிங். அம்மா, தங்கை பெத்தனி, தம்பி கார்வர், வழியில் சேர்ந்துகொள்ளும் அவலினும் அவள் கணவனும். அப்போது ஓகர் என்ற ராட்சத மிருகம் ஒன்று வருகிறது. நான் வீரனாக ஆடினேன். கார்வர் அதன்மேல் பாய்ந்தான், அது அவனைத் தூக்கித் தரையில் அடித்தது. அவ்வளவுதான், போய்விட்டான். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, காப்பாற்றிவிடலாம் என்று மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை திருடன். அப்போதும் கார்வர்தான். மூன்றாவதாக மந்திரவாதியாகப் போனேன். கார்வர் பிழைத்தான், பெத்தனி செத்தாள்.

அவளும் மந்திரம் தெரிந்தவள், அவன் வாள் பிடிப்பவன். அணியில் ஒரே தொழிலுக்கு இரண்டு பேர் வேண்டாம் என்ற கணக்காகத்தான் இருக்கும். கணக்கு தெரிந்த பிறகும் மனசு கேட்கவில்லை. பிணத்தின் பக்கத்தில் அந்த அம்மா பேசுகிற பேச்சை மூன்று தடவையும் முழுசாகக் கேட்டேன், தள்ளிவிடத் தோன்றவில்லை.

அதன் பிறகு கிர்க்வால் நகரத்தில் இசபெலாவோடு ஒரு சண்டை வருகிறது. அவளைத் தெரியும்தானே, போன ஆட்டத்தில் டெனரிம் நகரத்து 'பேர்ல்' விடுதியில் சீட்டாடியவள். அந்தப் பகுதி சுமார்தான். முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் இன்னொரு கூட்டம் வந்து குதிக்கிறது.

நான் எப்படியும் வாங்கத்தான் போகிறேன். நீ யாராக ஆடப் போகிறாய் என்று எழுது, அதாவது பிழைக்கப்போவது தம்பியா தங்கையா. இன்னொன்று. மார்ச் 1க்குள் பத்து லட்சம் பேர் டெமோவை இறக்கிவிட்டால், முழு ஆட்டத்தில் எல்லோருக்கும் இரண்டு பொருட்கள் இலவசமாம். இடது கையால் ஒரு கிளிக் செய்துவிடு, போதும்.

உன் பழைய கூட்டாளி