சந்தேகம் பெண்கள்மேல் மட்டும் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பாலின சமத்துவக் கட்டுரையைப் படித்தேன். பால் உடம்போடு பிறப்பது, பாலினம் வளர்ப்பிலும் ஊர் வழக்கத்திலும் வருவது என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்குச் சொப்பு, பையனுக்கு பேட் என்ற உதாரணமும் சரிதான். ஆனால் உடம்பு விஷயத்தை மட்டும், ஆண் இந்தப் பக்கம் பெண் அந்தப் பக்கம் என்று இயற்கையே கோடு கிழித்துக் கொடுத்துவிட்டது போல, இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. நான் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். அந்தக் கோட்டைக் கிழிப்பது யார், யாரை நிற்க வைத்துக் கிழிக்கிறார்கள் என்பதை மைதானத்தில் பார்க்கிறவள்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். ஊர் கொண்டாடி முடிப்பதற்குள், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். ஊக்க மருந்து சாப்பிட்டாரா, இல்லை. வயதுச் சான்றிதழில் தில்லுமுல்லு செய்தாரா, அதுவும் இல்லை. பெண் என்று சொல்லி வளர்த்தார்கள், பெண்ணாகவே ஓடினார், அவ்வளவுதான். அப்போதைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் போனாலும் பரவாயில்லை என்று 15 லட்சம் ரூபாய் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 2012-ல் சாந்தி சூளையில் தினக்கூலிக்குக் கல் அறுக்கிறார் என்று செய்தி வந்த பிறகுதான் பலருக்கு அவர் பெயரே மறுபடி ஞாபகம் வந்தது.

இந்தச் சோதனைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 1966-ல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டிக்கு வந்த வீராங்கனைகளை டாக்டர்கள் குழுவுக்கு முன்னால் ஆடையில்லாமல் நிற்க வைத்துப் பார்த்தார்கள். அது அசிங்கம் என்று தோன்றவும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனைக்கு மாறினார்கள். விஞ்ஞானம் வந்துவிட்டது, இனித் தகராறு இல்லை என்று நினைத்திருப்பார்கள் போல. ஆனால் சிலருக்கு வழக்கமாக ஆண்களுக்கு இருக்கிற எக்ஸ்ஒய் குரோமோசோம் இருக்கும், உடம்போ டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் பிறந்ததிலிருந்து பெண் உடம்பாகவே வளரும். ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோ அப்படிப்பட்டவர். 1985-ல் சோதனையில் சிக்கினார், பத்திரிகையில் பெயர் வந்தது, போராடி 1988-ல்தான் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். 1996 அட்லாண்டாவில் 3,387 வீராங்கனைகளைச் சோதித்ததில் எட்டுப் பேர் தேறவில்லை. விசாரித்துவிட்டு எட்டுப் பேரையுமே போட்டியிட விட்டார்கள். அப்புறம் எதற்கு அந்தச் சோதனை? 1999-ல் ஒலிம்பிக் கமிட்டியே அதைக் கைவிட்டது. ஆனால் யார்மேலாவது சந்தேகம் வந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. சாந்தி மாட்டியது அதில்தான்.

இடையில் ஒன்று. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்ற ஒரே பெண் பிரிட்டன் இளவரசி ஆன் என்பார்கள். குதிரையேற்றத்துக்கு வந்தவர். இளவரசியைப் போய் யார் சந்தேகப்படுவது?

பெண்கள் பிரிவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பருவ வயதில் ஆண் உடம்புக்கு வருகிற பலம் ஓட்டத்தில் தெரியும், ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து லேனில் ஓடுகிற பிள்ளைக்கும் நியாயம் வேண்டும். ஆனால் பிறவியிலேயே வந்த அனுகூலம் என்றால் பெண்ணுக்கு மட்டும் குற்றம் எப்படி ஆகிறது? பின்லாந்தின் ஈரோ மான்டிரான்டா 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஓட்டத்தில் இரண்டு தங்கம் வாங்கியவர். அவர் குடும்பத்துக்கே ஒரு மரபணு மாற்றம், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற சிவப்பணு மற்றவர்களைவிட மிக அதிகம் என்று பிற்காலத்தில் தெரிந்தது. பதக்கத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நீ ஆண்தானா என்று எந்த வீரனையும் எந்தக் காலத்திலும் நிற்க வைத்துச் சோதித்ததில்லை.

ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்த் 2014-ல், உடம்பில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்ற காரணத்தால் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியாமல், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2015-ல் அப்படித் தடுக்கிற விதியையே நிறுத்தி வைக்க வைத்தார். மறு வருஷம் ரியோவில் ஓடினார். இப்போது சக்கரம் திரும்பி வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பின் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்ஆர்ஒய் என்கிற, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருந்து கருவை ஆணாக வளரத் தூண்டுகிற மரபணு இருக்கிறதா என்று ஒரு தடவை சோதித்துக் காட்ட வேண்டும். 1990-ல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே, இதை வைத்துப் பெண்ணா இல்லையா என்று முடிவுகட்டக் கூடாது என்று எழுதிவிட்டார். யார் கேட்கிறார்கள்!

உலகப் போட்டி வரைக்கும் போக வேண்டியதில்லை. சில வருஷத்துக்கு முன் ஒரு சோனல் மீட்டில் எங்கள் பிள்ளை ஒருத்தி நீளம் தாண்டுதலில் முதலாவதாக வந்தாள். கிராப் வெட்டிய தலை, கட்டைக் குரல், தோள் கொஞ்சம் அகலம். வேறொரு பள்ளியோடு வந்த பெரியவர் ஒருவர் நேராக நடுவரிடம் போய், "இது பொண்ணுதானா சார், செக் பண்ணுங்க" என்றார். அந்தப் பிள்ளை அங்கேயே குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தது, கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. நடுவர் நல்ல மனுஷர், தகுதிப் படிவத்தைக் காட்டி அனுப்பிவிட்டார். ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பிள்ளையின் அம்மா, முடி வளர்க்கட்டும் டீச்சர், மாப்பிள்ளை பார்க்கும்போது பேச்சாகிவிடும் என்று சொல்லிப் போட்டிக்கே அனுப்பவில்லை. கட்டுரை சொல்கிற பாலும் பாலினமும் தனித்தனி அலமாரியில் இருப்பதில்லை, இப்படித்தான் ஒன்றை வைத்து இன்னொன்றை மிரட்டுவார்கள். ஷார்ட்ஸ் போடாதே, ஷாலை பின் குத்திக்கொண்டு ஓடு, வெயிலில் நின்றால் கறுத்துவிடுவாய் என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரை ஒன்பதாம் வகுப்புக்குள் மைதானத்தை விட்டு விரட்டிவிடுகிறோம். அதையும் மீறி ஒருத்தி வேகமாக ஓடினால் பெண்ணே இல்லை என்கிறோம்.

நம் நீதிமன்றத்தையும் கட்டுரையாளர் கணக்கில் எடுத்திருக்கலாம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பு சொன்னது. அதே தீர்ப்பில்தான் இடைப்பாலினக் குழந்தைகளை, அதாவது ஆண் பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடம்போடு பிறக்கிறவர்களை, அறுவை சிகிச்சை செய்து ஆணாகவோ பெண்ணாகவோ 'சரிப்படுத்துவதற்கு' தடை போட வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டது. இந்தியாவில் முதலில் செய்த மாநிலம் நாம்தான். அப்படிப் பிறக்கிற குழந்தை உண்டு என்று அரசாங்க ஆணையே ஒப்புக்கொண்ட பிறகும் கட்டுரைகளில் இரண்டே பெட்டிதான் இருக்கிறது.

கடைசியாக உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். புதுச் சோதனை வந்த பிறகு இன்னொரு சாந்தியின் சோதனை முடிவு எங்கிருந்தாவது கசியத்தான் போகிறது. அது உங்கள் மேஜைக்கு வந்தால் பெயரும் படமும் போடாதீர்கள். போட்டியிலிருந்து விலகினார் என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.