வீட்டுக் குழாயும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க வேண்டுகிறேன். உங்கள் வீட்டுக் கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, தெருவோர மழைநீர் வடிகாலுக்குப் போகிறதா?

வடிகாலில் இறங்கும் தண்ணீருக்கு நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. நம் பகுதியில் அது நேராகப் பள்ளிக்கரணைக்குத்தான் போகும். கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம் என்று சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரும் அங்கேதான் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளத்தில் கடலைத் தொடுகிறது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் விழுங்கியது போக எஞ்சிய சதுப்பில் 317 ஹெக்டேர் 2007-ல் காப்புக்காடானது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எல்லைக்கு வேலி போடலாம், வந்து விழும் கழிவுநீருக்குப் போட முடியாது.

சதுப்புக்கு நிறைவதும் வேண்டும், வற்றுவதும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, கோடையில் ஓரங்கள் சேறாகும்போதுதான் நெடுங்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும் இரை தேட முடியும். கழிவுநீர் வருடம் முழுக்க வந்தால் ஓரம் காய்வதே இல்லை, சம்பு என்னும் உயரமான கோரை மண்டிவிடுகிறது. மலநீரின் நைட்ரஜனும் சோப்புத்தூளின் பாஸ்பேட்டும் ஆகாயத்தாமரைக்கு உரம். நல்ல வெயிலில் இரண்டே வாரத்தில் அது இரட்டிப்பாகும். மேலே மூடியதும் வெளிச்சம் போகிறது, கூடவே ஆக்சிஜனும். விடியற்காலையில் மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே மிதப்பது இதனால்தான். இரவெல்லாம் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் அந்நேரம் அது மிகக் குறைந்திருக்கும்.

நீளவால் இலைக்கோழி நீண்ட விரல்களை விரித்து எடையைப் பரப்பி, அல்லி இலை அமிழாமல் அதன்மேல் நடக்கும். அதற்கு இந்தப் பச்சை மெத்தையிலும் நடக்க வழியுண்டு. முக்குளிப்பானுக்கோ மூழ்கி எழத் திறந்த நீர் வேண்டும். இயந்திரம் வைத்து அள்ளினாலும் சேற்றிலுள்ள விதை பல ஆண்டு உயிரோடிருக்கும். கரையில் குவித்தது அழுகி, அதே சத்து மறுபடி நீரில் வடியும். உரத்தை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளுவதால் பயனில்லை.

சோதனைக்கு ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலம் இரண்டு மூடி கலந்து குளியலறையில் ஊற்றுங்கள். காம்பவுண்டுக்குள் இருக்கும் சேம்பரில் (வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட தொட்டி) சில நிமிடத்தில் நீலம் தெரிய வேண்டும். தெருவடிகாலில் தெரிந்தால் இணைப்பு தவறு. சமையலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் தனித்தனியே இதே சோதனையைச் செய்யுங்கள். பெரும்பாலும் மெஷினில்தான் பிசகும்: பிற்பாடு பால்கனியில் வைத்த மெஷினின் குழாயைப் பக்கத்திலிருக்கும் மழைநீர்க் குழாயில் சொருகிவிடுவார்கள். இதைச் சரிசெய்வது பிளம்பருக்கு அரைநாள் வேலை.

தலைகீழ்த் தவறும் உண்டு. மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் விட்டால், கனமழையில் மேன்ஹோல் பொங்கி, அந்தக் கழிவும் வடிகாலுக்கே போகும்.

சேம்பர் மூடியைப் பெரியவர்கள் மட்டும் திறக்கட்டும். உள்ளே குனிய வேண்டாம். தெரு மேன்ஹோலையும் செப்டிக் டேங்கையும் யாரும் திறக்கவே கூடாது. உள்ளிருக்கும் வாயு ஆளைக் கொல்லும்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகள் இரண்டு, மூன்று ஆண்டுக்கொரு முறை லாரி வைத்துக் காலி செய்ய வேண்டும்; அதற்கான உதவி எண் 14420. எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று லாரிக்காரரிடம் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று தெளிவாகப் பதில் வராவிட்டால் அந்த லாரி வேண்டாம். கட்டட இடிபாடுகளைச் சதுப்போரம் கொட்டுவதைக் கண்டால் மாநகராட்சியின் 1913-ல் புகார் செய்யலாம்.

மீன்தொட்டியில் வளர்த்துப் பிள்ளைகளுக்குச் சலித்துப்போன ‘டேங்க் க்ளீனர்’ மீனை ஏரியில் விடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அது கரையைக் குடைந்து பெருகிவிடும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவரும் தாளில் மூன்று குழாய்களின் முடிவையும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பெயரும் கதவு எண்ணும் வேண்டாம், தெருப்பெயர் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்